கேசரி வருகிறது, சம்பளம்தான் வரவில்லை

போன ஜூலையில் ஒரே வாரத்தில் நான்கு பேர் தங்கள் வீட்டுப் பிறந்தநாளை எங்கள் சிறப்புப் பள்ளியில் வந்து கொண்டாடினார்கள். இரண்டு நாள் பிரியாணி, நான்கு நாளும் கேசரி. வெள்ளிக்கிழமை கேசரியைப் பார்த்ததும் ஒரு பையன் தட்டைக் கவிழ்த்தே விட்டான். அன்றைக்குத்தான் பிசியோதெரபிஸ்ட் வேலையை விட்டுப் போனார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அவரைக் குறை சொல்ல முடியாது, அவரும் வாடகை கட்ட வேண்டுமே.

"எங்கள்" என்பதற்குக் காரணம், என் அக்கா மகன் அங்கே படிக்கிறான். சி.பி., அதாவது மூளை முடக்குவாதம். நான் ஆடிட்டர் ஆபீஸ்காரன் என்பதால் நாலு வருடமாகப் பள்ளியின் கணக்கும் என் தலையில்தான். திண்டுக்கல் பக்கம், 43 பிள்ளைகள். பெயரைப் போட்டால் பள்ளியை நடத்தும் டீச்சருக்குப் பிடிக்காது.

சமீபத்தில் வந்துபோன ஒருவர் பிள்ளைகளின் படங்களைப் போட்டு, "இவ்வளவு பணக் கஷ்டத்திலும் எப்படிச் சிரிக்கிறார்கள், பாசிட்டிவ் என்றால் இதுதான்" என்று எழுதியிருந்தார். நல்ல மனசுதான். ஆனால் படித்ததிலிருந்து எனக்கு என்னவோ மாதிரி இருக்கிறது. சிரிப்பைப் பாராட்டிவிட்டால் கஷ்டம் யாருக்கும் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

கஷ்டம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பிள்ளையாக நான் சொல்கிறேன். முன்பெல்லாம் மார்ச் பிறந்தால் 80ஜி ரசீதுக்காக, அதாவது நன்கொடையைக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும் ரசீதுக்காக, போன் மேல் போன் வரும். 2023-24 முதல், நாமாக மாற்றிக்கொள்ளாவிட்டால் புதிய வரி முறைதான். அதில் 80ஜி கழிவு கிடையாது. இப்போது அந்த முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே கட்ட வேண்டியதில்லை. எனக்கும் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் ரசீதுக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது போனை எடுப்பதில்லை.

அப்புறம் கம்பெனிகள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் எங்களுக்கும் வந்தது, பெயர் எழுத இடமுள்ள பொருளாக. எங்களிடம் மூன்று ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. ஓடுவது ஒன்று. தெரபிஸ்டின் சம்பளத்தில் யார் பெயரை எழுதுவது?

அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன்னால் 1,500. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, அவர்கள் வீட்டுச் செலவுக்கு வருவது. அதிலிருந்து 200 ரூபாய் எடுத்துப் பள்ளிக்கென்று நீட்டிய ஓர் அம்மாவை டீச்சர் திட்டி அனுப்பியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

சி.பி. பிள்ளைகளுக்குத் தசையை விடாமல் நீட்டி நீட்டிப் பழக்க வேண்டும். விட்டால் இறுகிக்கொள்ளும். ஆள் போய்விட்டார் என்று சும்மா இருக்க முடியாதில்லையா? போனவரையே டீச்சர் கூப்பிட்டார். ஐந்து ஞாயிற்றுக்கிழமை அவர் காசு வாங்காமல் வந்து அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அக்கா பாயில் உட்கார்ந்து மகன் காலை மடக்கி நீட்ட, அக்கா வீட்டுக்காரர் போனில் நொடி எண்ணுவார். எண்ணிக்கை இருபதைத் தாண்டினால் பையன் அப்பாவை முறைப்பான்.

தடித்த பிடி போட்ட ஸ்பூன் ஆன்லைனில் விற்கிறது, விலையைப் பார்த்தால் தலை சுற்றும். இங்கே சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, கழுவி, சாதாரண ஸ்பூனின் பிடியில் இறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள். வழுக்காது. என் மருமகன் அதைப் பிடித்து முதல்முறை தானாகச் சாப்பிட்டது தயிர் சோறு. பாதி சட்டையில்தான் போனது. சட்டையை மாற்றவே விடவில்லை, வீடு வரைக்கும் அப்படியே வந்தான்.

அவர்கள் சிரிப்பது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். கையில் காசு இருந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

நானும் ஒரு கட்டத்தில் தவறாகப் பேசினேன். "டீச்சர், தவழ்கிற பிள்ளையை வீடியோ எடுத்து, பின்னால் சோகமாக மியூசிக் போட்டுப் பரப்புவோம், பணம் கொட்டும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி, உங்க அக்கா மகனை வச்சே எடுப்போமா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். அவர் கேட்டது நியாயம். ஆனால் அந்த மாதமும் பாதிச் சம்பளம்தான் போட முடிந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதனால் வேறு வழிக்குப் போனோம். மாதம் 200 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே வந்துவிடும் ஆட்டோபே, பெயர்ப் பலகை கிடையாது, போட்டோ கிடையாது. நூறு பேர் சேர்ந்தால் 20,000. எங்கள் ஊரில் ஒரு தெரபிஸ்டை வைத்துக்கொள்ளலாம். இதுவரை 61 பேர். வாரத்துக்கு மூன்று நாள் வர ஒரு பெண் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

பிறந்தநாளுக்கு வர நினைப்பவர்கள் தாராளமாக வாங்க. பிள்ளைகளுக்கு ஆள் வந்தால் குஷிதான். வருமுன் ஒரு போன் செய்து, "சாப்பாடு வேணுமா, வேற ஏதாவது வேணுமா?" என்று கேளுங்கள், போதும். போன வாரம் ஒருவர் அப்படிக் கேட்டார். வேனுக்கு டீசல் என்றோம். மனிதர் பெட்ரோல் பங்குக்கே வந்து டேங்கை நிரப்பினார். ஆனாலும் ஆசை விடவில்லை, ஒரு போட்டோ மட்டும் என்றார். டிரைவர் அண்ணன் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டு வந்து வேன் பக்கத்தில் நின்றார்.