தீவில் குடியேற 50,000 பவுண்டு தருகிறார்களாம்!

"மாப்ளே, ஸ்காட்லாந்துல தீவுக்குக் குடிபோனா ஐம்பது லட்சம் தர்றாங்களாமே, நீங்க ரெண்டு பேரும் அங்கதானே இருக்கீங்க, கேட்டுப் பாருங்களேன்" என்று மாமா மறுபடியும் அந்த ஃபார்வேர்டை அனுப்பியிருக்கிறார். நான்கு வருஷமாக இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. பச்சைப் புல்வெளி, வெள்ளை வீடு, ஒரு ஆட்டுக்குட்டி, பின்னணியில் வயலின்.

திட்டம் இருந்தது நிஜம்தான். 2021-ல் ஸ்காட்லாந்து அரசு அறிவித்தது, 100 பேருக்கு ஆளுக்கு 50,000 பவுண்டு வரை. 2022-லேயே கைவிட்டும் விட்டார்கள், அது மட்டும் எந்த ஃபார்வேர்டிலும் வராது. தீவுக்காரர்களிடம் கருத்துக் கேட்டபோது, இந்தக் காசுக்கு வீடு கட்டுங்கள், படகுப் போக்குவரத்தைச் சரி பண்ணுங்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். வருவதற்கு ஆள் இருக்கிறது, இருப்பதற்கு வீடுதான் இல்லை. ரம் என்ற தீவில் 2020-ல் புதிதாகக் கட்டிய நாலே நாலு வீட்டுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்து குவிந்தது.

சரி, நானும் யோக்கியன் இல்லை. எனக்கும் என் மனைவிக்கும் இந்த ஆசை ஒரு காலத்தில் இருந்தது. கிளாஸ்கோவில் மேல் வீட்டுக்காரரின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கும் யாருக்கும் வரக்கூடிய ஆசைதான். அதனால் ஒரு அக்டோபரில் எக் தீவுக்குப் போனோம் (ஆமாம், உச்சரிப்பில் முட்டையேதான், எல்லா ஜோக்கையும் ரயிலிலேயே முடித்துவிட்டோம்). மாலெய்க் என்ற துறைமுக ஊர் வரை ரயில், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம் படகு. 9 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம், நூற்றுச் சொச்சம் பேர். வெளியாட்கள் கார் கொண்டுபோக முடியாது.

இந்தத் தீவுக்கு ஒரு கதை உண்டு. காலங்காலமாக யாரோ ஒரு பணக்காரரின் சொத்தாகவே கைமாறி வந்த இடம். தான் குடியிருக்கும் வீடு அடுத்த வருஷமும் தனக்கு இருக்குமா என்று தெரியாமல்தான் பெரும்பாலானவர்கள் காலம் தள்ளினார்கள். 1997 ஜூன் 12 அன்று மக்களே அறக்கட்டளை அமைத்து சுமார் 15 லட்சம் பவுண்டுக்குத் தீவையே வாங்கிவிட்டார்கள். அதில் பெரும்பங்கு கொடுத்த பெண்மணி தன் பெயரைக்கூட வெளியே சொல்லவில்லை. அப்போது 65 பேர் அளவில் இருந்த ஊர் இது.

நாங்கள் தங்கிய குடிலை நடத்தியவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய ஒரு தம்பதி, நாற்பதுகளில் இருப்பார்கள். முதல் நாள் காலையிலேயே அந்த அம்மா என் மனைவியிடம் சொன்ன விஷயம், கெட்டில் போடும்போது ஓவன், வாஷிங் மெஷின் இரண்டையும் சேர்த்து ஓட்டாதே. மெயின்லேண்டிலிருந்து அந்தத் தீவுக்கு மின் கம்பி கிடையாது. காற்றாலை, சூரியத் தகடு, ஓடைத் தண்ணீர் மூன்றையும் சேர்த்து 2008-லிருந்து அவர்களே மின்சாரம் எடுக்கிறார்கள். வீட்டுக்கு 5 கிலோவாட், அவ்வளவுதான். தாண்டினால் கட் ஆகிவிடும், அப்புறம் ஊர்க்காரர் ஒருவர் வந்துதான் மறுபடி போட்டுவிட வேண்டும். வந்த புதிதில் அந்தக் கணவர் இரண்டு தடவை அப்படி மாட்டினாராம். "வந்தவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் கடையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது" என்றார்.

தனிமை வேண்டும் என்று தீவுக்குப் போகிறவர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. தனிமை வேண்டுமென்றால் பெருநகரத்தில் இருங்கள் ஐயா, பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே பத்து வருஷம் ஓட்டிவிடலாம். நூறு பேர் ஊரில் அது நடக்காது. உங்கள் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்பவரோடு உங்களுக்குச் சண்டை என்றால்கூட, ஃப்யூஸ் போனால் அவரைத்தான் கூப்பிட வேண்டும்! அந்தக் கணவருக்கு குடில், வேலி அடைப்பது, படகுத்துறையில் கயிறு பிடிப்பது என்று நாலு வேலை. அந்த அம்மா இணையத்தில் கணக்கு எழுதுகிறார், கோடையில் சிற்றுண்டிக் கடையில் நிற்கிறார். அங்கே எல்லாருமே இப்படித்தான். மருத்துவர் படகில் வந்து போவார். ஆரம்பப் பள்ளி இருக்கிறது, அதற்கு மேல் படிக்க பிள்ளைகள் மாலெய்க் போய்த் தங்க வேண்டும்.

குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டேன். டிசம்பரில் காலை 9 மணிக்கு விடிந்து, மாலை 4 மணிக்குள் இருட்டிவிடும். "முதல் குளிர்காலத்தில் எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்றுமே மிச்சமில்லை" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், கணவர் சிரிக்கவில்லை. கோடைதான் சுகம் என்று நினைக்காதீர்கள், அப்போது மிட்ஜ் வரும். கொசுவுக்குத் தம்பி, கூட்டமாக வந்து மொய்க்கும், கொசுவே தேவலை என்றாகிவிடும்.

ஞாயிறு வரவேண்டிய படகு காற்றினால் வரவில்லை, திங்களும் வரவில்லை. மாலையில் ஊர் மன்றத்தில் போய் உட்கார்ந்தோம், கதகதப்பாக இருந்தது. காற்று பலமாக அடித்து மின்சாரம் மிஞ்சினால் அதை மன்றத்தின் ஹீட்டருக்குத் திருப்பிவிடுவார்களாம். எங்களைப் போக விடாத அதே காற்று! செவ்வாய் படகு வந்ததும் பாதி ஊர் துறையில் நின்றது. யாரோ என் கையில் ஒரு பால் கிரேட்டைத் திணித்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனார், நான் விருந்தாளி என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். படகு கிளம்புவதற்குள் ஏழெட்டு கிரேட் தூக்கியிருப்பேன்.

மாமாவுக்கு இன்னும் பதில் போடவில்லை. என் மனைவி போடச் சொன்ன பதில் இது: "மாமா, காசு கிடையாது. வீடும் கிடையாது. 5 கிலோவாட்டில் கிரைண்டர் தாராளமாக ஓடும்."