பழைய 'ரெட் புக்' எல்லாம் ஆயிரக்கணக்கில் போகாது

"அமெரிக்க நாணய விலைக் கையேடான 'ரெட் புக்' 1970க்கு முந்தையதாக இருந்தால் ஆயிரம் டாலர் கிடைக்கும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

1965 என்று அட்டையில் போட்ட பதிப்பு மட்டுமே சுமார் 12 லட்சம் பிரதிகள் விற்றது. அதற்கு எங்கிருந்து தட்டுப்பாடு வரும்? உள்ளே இருக்கும் விலைப்பட்டியலும் காலாவதி. அதை நம்பி இன்று நாணயம் விற்றால் நஷ்டம்தான்.

உண்மையில் மதிப்புள்ளது 1946 நவம்பரில் வெளிவந்த, 1947 என ஆண்டிட்ட முதல் பதிப்பு. அதிலும் இரண்டு அச்சுகள், ஒவ்வொன்றும் 9,000 பிரதிகள். 135ஆம் பக்கத்தைத் திருப்புங்கள். நாணயத் தட்டுப்பாடு பற்றிய வரி "this date" (இந்த ஆண்டு) என்று பொதுவாக முடிந்தால் முதல் அச்சு. "1903 O" (1903இல் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடித்த டாலர்) என்று நாணயத்தையே குறிப்பிட்டால் இரண்டாவது. கவனம்: அதே 1947 பதிப்பைப் பின்னாளில் நினைவுப் பதிப்பாக மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். பளிச்சென்ற புதுத்தாள் என்றால் சந்தேகப்படுங்கள்.

பிறகு நிலை. அட்டையின் பொன்னெழுத்து மங்கியிருந்தாலோ, முதுகு கிழிந்திருந்தாலோ, ஓரத்தில் பேனாக் கிறுக்கல் இருந்தாலோ விலை இறங்கிவிடும்.

சரிபார்க்க, இதன் அண்மைப் பதிப்புகளின் பின்னிணைப்பிலேயே பழைய பதிப்புகளின் விலை இருக்கிறது. ஏலத் தளங்களில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.