ரத்தம் எங்கே போகுதுன்னு ஒருத்தர்கூட கேட்கலை

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒரு பேரீச்சம்பழ டப்பா வீட்டுக்கு வந்தது. சின்ன மாமியார் வாங்கி வந்தார். "உனக்கு ரத்தம் கம்மியாம்ல, தினமும் நாலு சாப்பிடும்மா, கிடுகிடுன்னு ஏறிடும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ஆறு வருஷமாக இதே பேச்சு. முருங்கைக்கீரை, பீட்ரூட், மாதுளை, கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கும் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல். என் வாய்க்குள் என்ன போகவேண்டும் என்று ஊரே சொல்கிறது. உடம்பிலிருந்து என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

எனக்கு 47 வயது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். 41 வயதில் ஆரம்பித்தது இது. நாலு நாளில் முடிந்துகொண்டிருந்த மாதவிடாய் எட்டு நாள், ஒன்பது நாள் என்று நீண்டது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இருப்பதிலேயே பெரிய நாப்கின் வைத்தாலும் ஒரு வகுப்பு முடிவதற்குள் நிறைந்துவிடும். நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி கட்டியாகப் போகும். ராத்திரி ரப்பர் ஷீட் போட்டு, அதன் மேல் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்துத்தான் படுப்பேன். கரும்பலகையில் எழுதத் திரும்புவதற்கே பயம். மணி அடித்ததும் பக்கத்து வகுப்புத் தமிழ் டீச்சரிடம் ஓடி, "பின்னாடி கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்று நிற்பேன். ஆறு வருஷமாக மெரூன், கருநீலம், கறுப்பு தவிர வேறு நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு நான் பள்ளிக்குப் போனதில்லை.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில். "நிக்கப்போற நேரம், அப்படித்தான் இருக்கும்." அம்மா சொன்னார், மாமியார் சொன்னார், எங்கள் ஸ்டாஃப் ரூமே சொன்னது. அந்தக் காலத்துச் சித்த வைத்தியத்தில் இதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பெரும்பாடு. நோய் என்று தெரிந்ததால்தானே அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்? இன்றைக்கு நாம்தான் அதை வயசானதால் வந்த கோளாறு என்று தள்ளிவிடுகிறோம்.

முதல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12 இருக்கவேண்டும். டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே, "நல்லா சாப்பிடுங்கம்மா" என்று சொல்லி ஒரு டானிக் எழுதினார். மறுவருஷம் 8.8. இன்னொரு இடம், இன்னொரு டாக்டர். இந்தத் தடவை ஒரு மாதத்துக்கு மாத்திரை. வயிறு கல்லாக இறுகி, மலம் தாராகக் கறுத்துப் போனதும் பயந்து நிறுத்திவிட்டேன். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படிக் கறுப்பாகத்தான் போகும் என்று எழுதிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, மருந்துக்கடையிலும் சொல்லவில்லை. காபியோடு அதை விழுங்கக்கூடாது என்றும் சொல்லவில்லை. காலையில் ஃபில்டர் காபி குடித்த கையோடு இரும்பு மாத்திரை, அதோடு சேர்த்து கால்சியம் மாத்திரை. இப்படி ஒரு மாதம் முழுங்கியிருக்கிறேன். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது, கால்சியமும் அப்படியே. ஒரு மணி நேரம் தள்ளிக் காபி குடிங்க, கால்சியத்தை ராத்திரிக்கு வைச்சுக்கோங்க, எலுமிச்சைச் சாறோட இரும்பைப் போடுங்க, வயிறு தாங்கலைன்னா ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்க. இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலும் கூடுதலாகச் சேருகிறது என்று ஆராய்ச்சியே சொல்கிறதாம். எனக்கு இது தெரியவர ஆறாவது வருஷம் ஆனது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மூன்று மாதமாவது மாத்திரையைத் தொடரவேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இதற்குள் உடம்பு என்னவெல்லாமோ காட்டிவிட்டது. மாடியில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புக்கு ஏறினால் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நிற்பேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. ராத்திரி படுத்தால் கால் இரண்டும் ஒரு இடத்தில் கிடக்காது, யாராவது அமுக்கிவிடமாட்டார்களா என்றிருக்கும். அப்புறம் சாக்பீஸ். இதை இன்றுவரை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. வகுப்பில் சாக்பீஸ் வாசனை வந்தால் நாக்கு ஊறும். உடைந்த துண்டுகளைக் கைப்பையில் எடுத்து வந்து கொல்லையில் நின்று தின்றிருக்கிறேன். வீட்டில் பச்சரிசி டப்பாவைத் திறந்தால் ஒரு பிடி வாயில் போடாமல் மூட முடியாது. எனக்கு மூளை கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பச்சரிசி, விபூதி, சாம்பல், செங்கல்தூள், ஐஸ்கட்டி என்று கண்டதையும் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவில் வருகிற ஒன்று என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த அவமானத்தை நான் தனியாகச் சுமந்திருக்க வேண்டாம். கல்யாணத்தன்றைக்கு மழை பெய்யும் என்று சொல்லி அரிசி தின்கிற பெண்ணைத் திட்டுகிறோமே, ஒருநாளாவது அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிறோமா?

எனக்கு 7.9க்கு இறங்கிய அதே வருஷம் என் கணவரின் அண்ணனுக்கு 9.8 என்று ரிப்போர்ட் வந்தது. ஆம்பளைக்கு ரத்தம் குறையுதுன்னா எங்கேயோ கசியுது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் வாய் வழியாக ஒன்று, பின்வழியாக ஒன்று என்று குழாய் விட்டுப் பார்த்து மூலம் என்று கண்டுபிடித்தார்கள். குடும்பமே ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நானும் ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு நின்றேன். அவருக்குச் செய்தது சரி, அப்படித்தான் செய்யவேண்டும். எனக்கு எங்கே கசிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் யாரும் தேடவில்லை.

கணக்கு டீச்சர் இல்லையா, ஒருநாள் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். நல்ல ரத்தம் ஒரு மில்லியில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனாலே அதிகம் என்கிறது மருத்துவம். அந்த 80 மில்லியிலேயே 40 மில்லிகிராம் போய்விடுகிறது. நாம் சாப்பிடுவதிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம்தான். அதிலும் ஒரு மில்லிகிராம் அன்றாடத் தேய்மானத்துக்கே சரி. எனக்குப் போனது 80 மில்லியைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. நான் எந்தக் கீரையைத் தின்று இதை நிரப்புவது? பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறமி, அதற்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை, அதிலும் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, ஏன் நிறையலை, நீ ஒழுங்கா ஊத்தலைன்னு என்னையே குறை சொன்னார்கள். "நீ உடம்பைக் கவனிக்கிறதே இல்ல" என்று என் கணவர் சொன்னபோது வந்த அழுகை இன்னும் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது.

பள்ளியில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்கு நீல நிற இரும்பு மாத்திரையை என் கையால்தான் கொடுக்கிறேன். கர்ப்பிணிக்கு மாதாமாதம் ரத்தம் பார்க்கிறார்கள், குறைந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்பு ஊசி போடுகிறார்கள். நல்லது. பிள்ளை பெற்று முடித்தவளை எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது? 20 முதல் 49 வயதுவரை எல்லாப் பெண்களுக்கும் வாரம் ஒரு சிவப்பு மாத்திரை என்று 2018இல் வந்த திட்டத்தில் இருக்கிறது. என் வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 49க்கு மேல் எண்ணுவதே இல்லை. உதிரப்போக்கு என்ன 49வது பிறந்தநாளில் நின்றுவிடுகிறதா?

7.9 வந்தபோது பார்த்த டாக்டர் ஸ்கேன்கூட எடுக்காமல், "குழந்தை ரெண்டு இருக்குல்ல, இனி அது எதுக்கு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னால் பாதிப் பேருக்கு அது சரியென்றே பட்டது. எங்கள் தெருவிலேயே எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைக் கண்காணிக்கச் சொல்லி 2023இல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போடவேண்டி வந்த நாடு இது. ஒருபக்கம் பேரீச்சம்பழம், இன்னொரு பக்கம் கத்தி. நடுவில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. உதிரப்போக்கு இருக்கிற நாட்களில் மட்டும் சாப்பிட்டு அதைக் குறைக்கிற டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கிற, ஹார்மோன் சுரக்கும் 'காயில்' என்ற சின்னச் சாதனம் இருக்கிறது. சிலருக்கு ஹார்மோன் மாத்திரை பொருந்தும். எடுத்தே ஆகவேண்டியவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் இதையெல்லாம் முன்னால் வைத்துவிட்டு அல்லவா என்னைக் கேட்கவேண்டும்?

கடைசியில் போன வருஷம் ஒரு டாக்டரம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலில் கேட்டது, "ரெண்டாவது நாள் எத்தனை நாப்கின் மாத்துறீங்க?" பதினொன்று என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அன்றைக்கே ஃபெரிட்டின் பார்த்தார். உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பின் அளவு அது. 15க்குக் கீழே போனாலே குறைவு. எனக்கு 4. ஹீமோகுளோபினை மட்டுமே எழுதிக் கொடுத்த ஐந்து வருஷமும் இதை ஒருவரும் பார்க்கவில்லை. தைராய்டு பார்த்தார். 45 வயதுக்கு மேல் ஆனதால் கர்ப்பப்பை உள்சுவரில் கொஞ்சம் சதை எடுத்துப் புற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டார். ஸ்கேனில் அடினோமயோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சுவர்த் திசு அதன் தசைக்குள்ளேயே வளர்வது; கூடவே ஃபைப்ராய்டு என்கிற சின்னச் சாதாரணக் கட்டி ஒன்று. இரும்பை ரத்தக்குழாய் வழியாக இரண்டு தவணையாக ஏற்றி, அந்த ஹார்மோன் 'காயில்' வைத்தார். முதல் நாலு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது, அப்படி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். இப்போது மாதம் மூன்று நாள், ஒரு நாளைக்கு இரண்டு நாப்கின். ஹீமோகுளோபின் 12.1. ஃபெரிட்டின் 38. சாக்பீஸ் வாசனை வந்தால் இப்போது நாக்கு ஊறுவதில்லை.

அந்த ஸ்கேனுக்கு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் வருஷம், 9.6 என்று ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டு போய் நின்றபோதே, அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் அந்த மெஷின் இருந்தது.