மாதாவுக்காக வாதாடும்போது எந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறோம்?

போன மாதம் அம்மாவின் 31ஆம் நாள் செபம். தலவாக்கலைக்கு மேலே, நாங்கள் பிறந்து வளர்ந்த அதே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வைத்தோம். செபமாலையும் மாதா பிரார்த்தனையும் முடிந்து, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) எல்லோருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது அண்ணன் கேட்டார்: “கன்னிகை, கன்னிகை என்று இத்தனை தடவை சொல்கிறீர்களே, இயேசுவுக்குச் சகோதரர் நான்கு பேர் இருந்ததாக மாற்கு பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். வேதத்தில் இல்லாததை ஏன் சொல்கிறீர்கள்?” அண்ணன் பத்து வருடங்களாகப் பெந்தகோஸ்து சபைக்குப் போகிறவர். செபத்துக்கு வந்ததே அம்மாமேல் இருந்த பாசத்தால்தான்.

தங்கையின் மகன் உடனே கைத்தொலைபேசியை எடுத்துவிட்டான். “மாமா, யாக்கோபு எழுதிய நற்செய்தி ஒன்று இருக்கிறது. யோசேப்பு வயதான மனிதர், மனைவியை இழந்தவர், அந்தச் சகோதரர்கள் மூத்த தாரத்துப் பிள்ளைகள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மாதா கன்னிதானா என்று சோதித்துப் பார்த்த சலோமியின் கை எரிந்தே போனது. வீட்டுப் பிள்ளையே எழுதிவைத்த பிறகு வேறென்ன சாட்சி வேண்டும்?” என்றான். “தள்ளுபடி ஆகமத்தை என்னிடம் காட்டாதே” என்றார் அண்ணன். குரல்கள் உயர்ந்தன. அண்ணன் சாப்பிடாமலே இறங்கிப் போய்விட்டார். பெரியம்மா இறந்த பிறகு அம்மா தன் கையால் சோறூட்டி வளர்த்த பிள்ளை அவர். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

நான் கத்தோலிக்கன். மரியா என்றென்றும் கன்னி என்று திருச்சபை சொல்வதை முழு மனதோடு நம்புகிறேன். ஆனாலும் என் முதல் கோபம் எங்கள் பக்கத்தின் மேல்தான். மருமகன் கையில் எடுத்த ஆயுதம் தவறானது.

அந்த நூலை நான் வாசித்திருக்கிறேன். அழகான நூல். மரியாவுக்குத் தாயாகப்போகிற, அப்போது பிள்ளையில்லாத அன்னா தோட்டத்து மரத்தடியில் உட்கார்ந்து, மேலே குருவிக்கூட்டைப் பார்த்து, பறவைக்கும் மிருகத்துக்கும் கொடுத்ததை எனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று அழுகிற இடத்தை வாசித்தபோது, எங்கள் லயத்தில் அதே அழுகையை அழுத பெண்களின் முகங்கள் வந்து நின்றன. இயேசு பிறக்கும் நேரத்தில் யோசேப்பு வெளியே நடந்து போகிறார். வானத்தில் பறவைகள் அசையாமல் நிற்கின்றன. வேலையாட்கள் கலத்தில் வைத்த கை வைத்தபடி இருக்கிறார்கள். ஆடுகளை அடிக்க ஓங்கிய இடையனின் கோல் அந்தரத்திலேயே நிற்கிறது. உலகமே ஒரு கணம் மூச்சை நிறுத்துகிறது. இதை எழுதியவர் மாதாவை நேசித்தவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அவர் இயேசுவின் சகோதரர் என்று சொல்லப்படும் யாக்கோபு அல்லர். அந்த யாக்கோபு எருசலேமில் கொல்லப்பட்டது கி.பி. 62 வாக்கில். இந்த நூலோ மத்தேயுவையும் லூக்காவையும் இரண்டையும் கையில் வைத்துப் பின்னப்பட்டது, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இதை எழுதியவருக்கு யூதர்களின் வழக்கங்களும் சரியாகத் தெரியவில்லை. மூன்று வயதுப் பெண்குழந்தையை ஆலயத்தில் விட்டு, பன்னிரண்டு வயதுவரை அங்கேயே வளர்த்தார்களாம். எண்ணாகமத்தில், கற்பில் சந்தேகிக்கப்பட்ட மனைவிக்கு மட்டுமே விதிக்கப்பட்ட சோதனை நீரை இங்கே யோசேப்புக்கும் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஆலயத்தோடு வாழ்ந்த யாக்கோபு இப்படி எழுதியிருக்க மாட்டார்.

மருமகனுக்கு இன்னொன்றும் சொன்னேன், அவன் முகம் மாறிவிட்டது. மரியாவின் கன்னிமைக்காகப் பழங்காலத்தில் மிகக் கடுமையாக வாதாடியவர் புனித எரோணிமுஸ். 383ஆம் ஆண்டு வாக்கில் ஹெல்விதியுஸ் என்பவர், மரியாவுக்கு இயேசுவுக்குப் பிறகு வேறு பிள்ளைகளும் பிறந்தார்கள் என்று எழுதியபோது, அதற்கு மறுப்பு எழுதியவர் அவர்தான். அதே மறுப்பில் அவர் மருத்துவச்சியும் சலோமியும் வருகிற இந்தக் கதையையும் தள்ளிவிடுகிறார். பிள்ளையைத் துணியில் பொதிந்தது தாயே என்று லூக்கா சொல்கிறார், அங்கே மருத்துவச்சி யாரும் இல்லை, இதெல்லாம் விவிலியத்தில் சேராத புறநூல்களின் பிதற்றல் என்கிறார். ஆறாம் நூற்றாண்டில் திருத்தந்தை கெலாசியுஸ் பெயரில் வந்த பட்டியலும் யாக்கோபின் பெயரால் வழங்கிய நற்செய்தியைத் தள்ளவேண்டிய நூல்களோடுதான் சேர்த்திருக்கிறது. சலோமியின் கையை வைத்து மாதாவைக் காப்பாற்றப் போகிறவர்கள், எரோணிமுஸே தொட மறுத்ததைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அண்ணன் சொன்னதிலும் ஒரு பிழை இருக்கிறது. தள்ளுபடி ஆகமம் என்று அவர்கள் சொல்வது தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற நூல்களை. அவை எங்கள் 73 நூல்களில் உண்டு, அவர்களின் 66இல் இல்லை. யாக்கோபின் பெயரிலான இந்த நூலோ எங்கள் விவிலியத்திலும் கிடையாது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் பேச்சு முன்னே நகராது.

அப்படியானால் அந்த நூலுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. பெத்லகேமில் அன்றிரவு என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. மரியா எப்போதும் கன்னியாகவே இருந்தார் என்ற நம்பிக்கை இரண்டாம் நூற்றாண்டிலேயே சில கிறிஸ்தவர்களிடம் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. “எப்போதும் கன்னி” என்ற சொல் 553இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் பொதுச்சங்கத்தின் ஏட்டில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் இப்படிப் பேசியிருக்கிறார்கள். ஜூலை 26இல் நாம் கொண்டாடுகிற மரியாவின் பெற்றோர் சுவக்கின், அன்னா என்ற பெயர்கள்கூட இந்த நூலின் வழியாகத்தான் நமக்கு வந்தவை. அதற்குரிய மரியாதை அவ்வளவு. அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றக் கூடாது.

இனி அந்த நான்கு சகோதரர்கள். அண்ணன் கேட்ட கேள்விக்கு முன்னால் நான் திகைத்து நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவரை நான் யாரிடமும் “பெரியம்மா மகன்” என்று அறிமுகப்படுத்தியதில்லை. “என் அண்ணன்” என்றே சொல்வேன். என் தங்கை மகனுக்கு அவர் மாமா. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும் நமக்கு அண்ணன் தம்பிகளே. மாமா, அத்தை பிள்ளைகள்தான் மச்சான்கள். எரோணிமுஸ் இந்த நால்வரும் மரியாவின் சகோதரியின் பிள்ளைகள் என்றார். குளோப்பா என்பவரின் பிள்ளைகள் என்பாரும் உண்டு, அந்தக் குளோப்பா யோசேப்பின் உடன்பிறந்தவர் என்ற பழைய செய்தி இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் எகெசிப்புஸ் வழியாக வந்திருக்கிறது. இரண்டில் எதைக் கொண்டாலும் எங்கள் லயத்து மொழியில் அவர்கள் இயேசுவுக்கு அண்ணன் தம்பிகள்! மாற்கு ஆறாம் அதிகாரம் யாக்கோபு, யோசே என்று பெயர் சொல்கிறது. பதினைந்தாம் அதிகாரத்தில் சிலுவையைத் தொலைவில் நின்று பார்த்த வேறொரு மரியா, யாக்கோபுக்கும் யோசேவுக்கும் தாய் என்று வருகிறார். தொடக்கநூலில் ஆபிரகாம் லோத்தைச் சகோதரன் என்கிறார், லோத்து அவருடைய சகோதரன் மகன்.

இதோடு வாதம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மாற்கு எழுதியது கிரேக்கத்தில். பெரியப்பா பிள்ளைக்கும் மாமா பிள்ளைக்கும் கிரேக்கத்தில் தனிச்சொல் உண்டு, கொலோசையர் நிருபத்தில் பவுல் அதைப் பயன்படுத்தியுமிருக்கிறார். எகெசிப்புஸும் குளோப்பாவின் மகன் சிமியோனை அந்தத் தனிச்சொல்லால் குறிப்பிடுகிறார், யாக்கோபையோ சகோதரர் என்கிறார். மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அவர்களைச் சொந்தச் சகோதரர்களாகவே எடுத்துக்கொண்டார். கீழைத் திருச்சபையோ யோசேப்பின் மூத்த தாரத்துப் பிள்ளைகள் என்கிறது. அண்ணனின் கேள்வி மடத்தனமான கேள்வி அல்ல. அதைக் கேட்டதற்காக அவரை இளைஞர்கள் முறைத்துப் பார்த்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

“மகனைப் பெறும்வரை” யோசேப்பு மரியாவோடு கூடவில்லை என்று மத்தேயு எழுதியதைப் பிடித்துக்கொண்டு, பிறகு கூடினார் என்று வாதாடுவதில் மட்டும் பலமில்லை. சவுலின் மகள் மீக்காலுக்குச் சாகும்வரை பிள்ளை இல்லை என்று சாமுவேல் நூல் சொல்கிறது. எங்கள் அம்மா சாகும்வரை யாரையும் ஏசியதில்லை. அதற்குப் பிறகு ஏசினார் என்று யாராவது சொல்வார்களா?

என்னை உண்மையில் வருத்துவது வேறு. ஹெல்விதியுஸ் ஏன் எழுதினார்? துறவிகள் கன்னிமையைத் தூக்கிப்பிடித்து, மணம் முடித்து வாழ்கிறவர்களைத் தாழ்த்துகிறார்கள் என்ற கவலையால். அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. அவருக்குப் பதில் சொன்ன எரோணிமுஸ், மனைவிமாரின் வீட்டுப்பாட்டையும் பிள்ளைகளின் இரைச்சலையும் ஏளனமாகவே எழுதினார். என் அம்மா அந்த லயத்தின் ஒற்றைக் காம்பராவில் (அறையில்) ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் பதியப் போகும் முன் விடியலில் ஒரு பத்து, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மிச்சம் நான்கு பத்து என்று தினமும் செபமாலை சொன்னவர். மாதாவின் கன்னிமையைப் பற்றி நாம் பேசுகிற பேச்சு அந்த அம்மாவைத் தீட்டானவராக்கும் என்றால், அந்தப் பேச்சு கெட்ட பேச்சு. மரியா இறைவனுக்காகவே முழுதும் தன்னை ஒப்படைத்தவர் என்பதே இந்த நம்பிக்கையின் உயிர். பிள்ளை பெறுவது அழுக்கு என்பதற்கு அதில் இடமே இல்லை. நம் பிரசங்கங்களில் இதை இன்னும் உரக்கச் சொல்லவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் பாதிக்கு மேல் நிரம்பிய கோயிலில் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணனுக்கும் ஒன்று சொல்ல விரும்பினேன், அன்று வாய்ப்புக் கிடைக்கவில்லை. மரியா எப்போதும் கன்னி என்பது கத்தோலிக்கர் மட்டுமே கட்டிக்கொண்டு அழுகிற விடயமன்று. புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கியவர்களில் லூத்தர் அதை நம்பினார், சுவிங்கிலியும் நம்பினார். மெதடிஸ்த திருச்சபையின் மூலவரான ஜோன் வெஸ்லி 1749இல் ஒரு கத்தோலிக்கருக்கு எழுதிய கடிதத்தில், மரியா பிள்ளை பெற்ற பின்னும் மாசற்ற கன்னியாகவே இருந்தார் என்று தன் நம்பிக்கையை அறிவித்தார். வேதத்தை மட்டுமே பிடித்து நின்ற அவர்களுக்கு இதில் முரண் தெரியவில்லை.

நேற்று அண்ணனுக்கு அழைப்பெடுத்தேன். முதலில் அம்மாவைப் பற்றித்தான் பேசினோம். அழுதார். மருமகன் மன்னிப்புக் கேட்டான், “பரவாயில்லை மகன்” என்றார். வரும் ஞாயிறு சபை முடிந்து லயத்துக்கு வருகிறாராம், தன் வேதாகமத்தையும் கொண்டுவருவாராம். மாற்கு ஆறாம் அதிகாரத்தை வாசிப்போம் என்றார். பதினைந்தையும் சேர்த்தே வாசிப்போம் அண்ணன் என்றேன்.