சடலங்களைவிடக் கழிவுநீரே ஆபத்து

வெள்ளத்துக்குப் பின் பரவும் நோய்களைப் பற்றி எழுதிய கட்டுரையாளர், அழுகும் சடலங்களை முதலிடத்தில் வைத்தது சரியல்ல. நீரில் மூழ்கி இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் வெடிப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே பலமுறை சொல்லிவிட்டது. இந்தப் பயத்தில் அடையாளம் காணாமலேயே அவசர அவசரமாகப் புதைத்துவிடுகிறார்கள். பிறகு இறப்புச் சான்றிதழுக்கு உறவினர்கள்தான் அலைய வேண்டும்.

உயிரோடிருப்பவர்களின் மலம் குடிநீரில் கலப்பதுதான் உண்மையான அபாயம். 2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரைத் தாக்கிய இரண்டு வாரத்துக்குள் அங்கே காலரா தலைகாட்டியது. மலேரியா அப்படியல்ல, நிதானமாக வரும். முதல் வெள்ளம் கொசுப்புழுக்களை அடித்துச் சென்றுவிடும்; வடிந்தபின் தேங்கும் குட்டைகளில்தான் அவை மறுபடி பெருகும். அதற்குள் நிவாரணக் குழுக்களும் கேமராக்களும் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கும். பாகிஸ்தானில் 2021இல் சுமார் 5 லட்சமாக மதிப்பிடப்பட்ட மலேரியா பாதிப்பு, பெருவெள்ளம் வந்த 2022இல் 26 லட்சமானது.

குடிநீரைச் சுத்தப்படுத்தக் குளோரின் மாத்திரை கொடுத்தால் போதும் என்கிறார் கட்டுரையாளர். கலங்கல் நீரில் குளோரினின் பெரும்பகுதி சேற்றோடே செலவாகிவிடும். தெளியவைத்து, துணியில் வடிகட்டி, மாத்திரை போட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். முகாமில் ஒரே குடத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண் இன்னொரு பாத்திரத்துக்கு எங்கே போவார்? மாத்திரையோடு மூடி போட்ட வாளி ஒன்றும் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். வெறுங்காலோடு சேற்றை அள்ளுபவர்களைத் தாக்கும் எலிக்காய்ச்சல் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.