ஆகஸ்ட் கொம்பு, ஜனவரிப் பெட்டை

ஆகஸ்டில் கொம்பு மானைச் சுட்டுவிட்டு "காட்டைக் காப்பாற்றத்தான் செய்கிறேன்" என்று சொல்கிறவர்களிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் இருக்கிறது: ஜனவரியில் எங்கே போயிருந்தீர்கள்?

போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்குப் பின்னணி தெரியும். பார்க்காதவர்களுக்கு: நான் இருப்பது இங்கிலாந்தில், வில்ட்ஷயர் பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். ஒரு பண்ணையில் மான் சுட அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் அவரோடு போனேன். வேடிக்கை பார்க்கத்தான். எனக்கு லைசென்ஸ் கிடையாது, துப்பாக்கியைத் தொடவும் இல்லை. படத்தைப் பார்த்ததும் ஊரிலிருந்து சித்தப்பா போன் போட்டு, "மான் கொல்றவன்கூட உனக்கென்னடா சகவாசம்?" என்று பிடித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கெல்லாம் மான் என்றால் கிண்டியில் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது. கை வைத்தால் ஜெயில்.

இங்கே நிலைமை வேறு. பிரிட்டனில் ஓநாயை ஒழித்துப் பல நூற்றாண்டு ஆகிறது, லின்க்ஸ் பூனை அதற்கும் முன்பே போய்விட்டது. மானைத் தின்ன மனிதனையும் காரையும் விட்டால் ஆளில்லை. நாடு முழுக்கச் சுமார் 20 லட்சம் மான்கள் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சாலையில் அடிபடுபவை ஆண்டுக்கு 74,000 வரை என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இருப்பது ரோ என்ற மான் வகை. அதற்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. தென் இங்கிலாந்தில் அது கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. 1800ஆம் ஆண்டு டார்செட்டில் மில்ட்டன் ஆபஸ் என்ற இடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து பரவியதுதான் இன்று எங்கள் பக்கம் முழுக்க வேலி தாண்டி, ரோஜாத் தோட்டம் மேய்கிறது. ஹேசல் புதரை வெட்டிவிட்டால் மறுபடி தளிர்க்க வேண்டும்; அந்தத் தளிரை மான் விடுவதில்லை. கீழ்ப்புதர் இல்லாத காட்டில் நைட்டிங்கேல் குருவி எங்கே கூடு கட்டும்?

ஆக, சுட வேண்டுமா என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. சுட வேண்டும். எதை, எப்போது, என்ன காரணம் சொல்லிச் சுடுகிறோம் என்பதில்தான் தகராறு.

ரோ மான் சின்ன மான். நல்ல ஆண் மானே 25 கிலோ சுற்றித்தான் நிற்கும். இணை சேரும் காலம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. பெட்டைக்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பருவம் வரும், அதுவும் ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான் என்பதால் ஆண் மானுக்குப் பித்துப் பிடித்துவிடுகிறது. மற்ற மாதங்களில் ஒரு சருகு நொறுங்கினால் காணாமல் போகிற பிராணி, இந்தச் சில வாரங்களில் நடுப்பகலில் ரோட்டைக் கடந்து ஓடுகிறது. சரியாகத் தின்பதுகூட இல்லை.

இதைவிட ஆச்சரியம், ஆகஸ்டில் சினைப்பட்ட கரு உடனே வளராது. கருப்பையில் ஒட்டாமல் டிசம்பர் கடைசிவரை சும்மா மிதந்துகொண்டிருக்கும். ஜனவரி வாக்கில் ஒட்டி, வேகமாக வளர்ந்து, மே, ஜூனில் குட்டி. பெரும்பாலும் இரட்டை. குளம்புப் பிராணிகளில் இந்த ஏற்பாடு மிக அபூர்வம். பிஷோஃப் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1854இல் இதை விளக்கி எழுதும்வரை, ஆகஸ்டில் நடப்பது பொய்க் கூடலோ, நிஜம் குளிர்காலத்தில்தானோ என்று ஐரோப்பாவில் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

சரி, அந்தச் சாயங்காலம். புழுக்கமான நாள், இடி இடித்துவிட்டு மழை பெய்யாமல் போன வானம். இப்படிப்பட்ட நாள்தான் வேட்டைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஏழு மணிக்கு வண்டியை நிறுத்தினோம். கதவைச் சாத்தாமல் தள்ளி மட்டும் விட்டார். ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை அழுத்த, முகப்பவுடர் போல வெள்ளைத் தூள் கிளம்பி எங்கள் முகத்துக்கே வந்தது. காற்று எதிர்க்காற்று. திருப்தியாகத் தலையாட்டினார். அதன் பிறகு பேச்சு கிடையாது. பத்தடி நடப்பது, நின்று பைனாகுலரில் பார்ப்பது, மறுபடி பத்தடி. அரை மணி நேரத்தில் நாங்கள் கடந்த தூரத்தை என் பெண் சைக்கிளில் ஒரு நிமிஷத்தில் கடப்பாள்.

பார்லி வயல் ஓரத்தில் ஒரு பட்டுப்போன அடிமரம். அதைச் சுற்றிப் பயிர் வட்டமாக மிதிபட்டுக் கிடந்தது, செக்கு மாடு சுற்றிய தடம் மாதிரி. பெட்டை சுற்றிச் சுற்றி ஓட, ஆண் விடாமல் துரத்தியதில் விழுந்த வளையம். பெரியவர் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். குளம்புத் தடம் புதிது.

முதலில் வந்தது ஒரு ஜோடி. பெட்டை முன்னால், ஆண் அதன் பின்புறத்தில் மூக்கை ஒட்டாத குறையாக. கோடைக்கால ரோமம் செங்கல் நிறத்தில் தகதகவென்று. இளம் ஆண் மான். நல்ல எடுப்பான கொம்பு, பக்கத்துக்கு மூன்று கிளை. எண்பது கஜம்கூட இருக்காது. பக்கவாட்டில் நின்றது, பின்னால் மண்மேடு, குண்டு தவறினாலும் மண்ணுக்குள்தான் போகும். எல்லாம் கச்சிதம். பெரியவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. இந்த வயதில் இப்படி இருப்பவன் இன்னும் இரண்டு மூன்று வருடம் குட்டி போட வைக்கட்டும் என்று பிற்பாடு சொன்னார்.

சூரியன் மரத்துக்குக் கீழே இறங்கியபோது பீச் மரங்கள் நிறைந்த சரிவில் உட்கார்ந்தோம். தாழ்ந்த கிளையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே இழுத்துப் பிடித்து, உதட்டில் வைத்து ஊதினார். "பீ… பீ…" என்று மெலிசாக ஒரு கூவல். பெட்டை ஆணைக் கூப்பிடும் சத்தம். கடையில் ரப்பர் பல்பு வைத்த ஊதல் விற்கிறது, அமுக்கினால் போதும். இவருக்கு இலைதான். நாலைந்து தடவை ஊதிவிட்டு நிறுத்தினார். பூச்சி காதைத் தின்றது. மறுபடி ஊதினார்.

வந்த வேகத்தை என்னால் எழுத முடியவில்லை. புதர் உடைகிற சத்தம், உடனே முப்பதடியில் ஒரு மான், வாய் பிளந்து, விலா ஏறி இறங்க, எங்களையே பார்த்துக்கொண்டு. எங்களைத்தான் பார்க்கிறது, ஆனால் தேடுவது பெட்டையை. நெஞ்சு நேராக எங்கள் பக்கம் இருந்ததால் அவர் சுடவில்லை. காத்திருந்தார். அது தலையைத் திருப்பி, பக்கவாட்டில் நாலடி வைத்தது. சைலன்சர் போட்ட ரைஃபிள், தட்டென்று ஒரு சத்தம். மான் எகிறிக் குதித்து, கொஞ்ச தூரம் ஓடி விழுந்தது.

பத்து நிமிஷம் கழித்துத்தான் எழுந்து போனோம். கண்ணை ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டு, முதலில் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். மேடுகள் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன. கிழடு. கொம்பின் அடி மணிக்கட்டு மொத்தம், மேலே கிளை மட்டும் குட்டையாகிக்கொண்டே போயிருந்தது. இரண்டு கொம்புக்கும் நடுவே நெற்றி மயிர் சுருண்டு, கறுத்து, கைவைத்தால் பிசுக்கென்று ஒட்டியது. மரத்தில் தேய்த்து எல்லை குறிக்கும் வாசனை அங்கேதான் ஊறுகிறது. உடம்பு சூடு இறங்க இறங்க, தொடை இடுக்கிலிருந்து உண்ணிகள் மயிருக்கு மேலே ஏறி வர ஆரம்பித்தன. குடலை அங்கேயே எடுத்தார். இரைப்பையில் ஒரு கைப்பிடி இலைகூட இல்லை. நிணக் கட்டிகளைக் கத்தியால் கீறிக் காசநோய் அறிகுறி உண்டா என்று பார்த்தார். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம்வரைதான் சட்டம் சுட விடும்; எங்களுக்கு நிறைய நேரம் மிச்சமிருந்தது, ஆனால் அவர் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டார்.

அருமையான சாயங்காலம். அந்த மனிதரின் கைவேலையில், பொறுமையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் வண்டியில் திரும்பும்போது, மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் "மேனேஜ்மென்ட்" இது என்றாரே, அங்கேதான் எனக்கு இடித்தது.

கணக்கு எளிது. ஓர் ஆண் மான் பல பெட்டைகளோடு சேரும். இந்தக் கிழவன் போனால் அவன் எல்லைக்குள் நாளைக் காலையே வேறொருவன் வந்து நிற்பான். அடுத்த ஜூனில் பிறக்கப் போகிற குட்டிகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையாது. சில பழைய வனக்காவலர்கள் ஒரு படி மேலே போய், எல்லை பிடித்த கிழவனைச் சுட்டால் காலி இடத்துக்கு இளசுகள் அடித்துக்கொண்டு இன்னும் அதிக மரக்கன்றுகளில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரிக்கும் என்பார்கள். எண்ணிக்கை குறைய வேண்டுமானால் பெட்டையைச் சுட வேண்டும். அதற்கான காலம் இங்கிலாந்தில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. பகல் எட்டு மணி நேரம், விரல் மரத்துப்போகும் குளிர், சகதி, கூப்பிட்டால் ஓடி வருகிற மான் கிடையாது, சுவரில் மாட்டக் கொம்பு கிடையாது. குடலை எடுக்கும்போது உள்ளே இரண்டு கரு இருக்கும். அந்த வேலைக்கு ஆள் வருவதில்லை. ஆகஸ்டில் மட்டும் ஐரோப்பா முழுவதிலுமிருந்து காசு கொடுத்து வருகிறார்கள், ஏனென்றால் தென் இங்கிலாந்து ரோ மானின் கொம்புக்கு அவ்வளவு பேர். அளந்து, தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மெடல் கொடுக்கும் முறைகூட உண்டு.

ஸ்காட்லாந்தில் 2023 அக்டோபரில் ஆண் மான்களுக்கான தடைக்காலத்தையே எடுத்துவிட்டார்கள். வருடம் முழுக்கச் சுடலாம். நாற்றுக்கு நடுவே பட்டை உரிக்கிற ஆணை உடனே சுட முடிவது தோட்டக்காரனுக்கு உதவிதான், மறுக்கவில்லை. பெட்டைக் கணக்கை அது எப்படிக் குறைக்கும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இதை அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஆகஸ்ட் இல்லையென்றால் ஜனவரிக்கு வர எவனுக்கு மனசு வரும்?" என்று திருப்பிக் கேட்டார். அனுமதிக்குப் பணம் கட்டுகிறவன், பெட்ரோல் போட்டு வருகிறவன் எல்லோருக்கும் இந்த ஒரு சாயங்காலம்தான் கூலி என்றார். இதில் பாதி உண்மை இருக்கிறது. அவர் ஜனவரியிலும் போகிறவர், அதனால் அவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. மீதிப் பேருக்கு? கூலி வாங்கிக்கொண்டு வேலைக்கு வராதவனை நம்மூரில் என்ன சொல்வோம்?

என் யோசனை இதுதான், நில உரிமையாளர்கள் காதில் விழட்டும்: போன குளிர்காலத்தில் பெட்டை சுட்ட கணக்கைக் காட்டுகிறவனுக்கு மட்டும் ஆகஸ்டில் கொம்பு மானுக்கு அனுமதி கொடுங்கள். காட்டாதவன் வந்தால், சந்தோஷத்துக்காகவும் கறிக்காகவும் வந்தேன் என்று நேராகச் சொல்லட்டும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நான் கறி தின்கிறவன். பண்ணையில் அடைத்து வளர்த்த கோழியைவிட, பீச் மரத்தடியில் பெட்டையைத் தேடி ஓடி வந்து சில நொடியில் செத்த கிழட்டு மானின் வாழ்க்கை நூறு மடங்கு மேல் என்பதே என் எண்ணம். சித்தப்பா மன்னிக்கவும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. அந்த ரப்பர் ஊதலை அழுத்தி அமுக்கினால் இன்னொரு சத்தமும் வரும்: குட்டி ஆபத்தில் அலறுகிற சத்தம். தாய் பாய்ந்து வரும், தாயின் பின்னாலேயே ஆண் வரும். ஆணைச் சுடுவார்கள். இது சட்டப்படி சரி. பெண் மோகத்தில் ஏமாந்து வருகிற ஆணைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தமில்லை, உலகத்தில் நடக்காததா? ஆனால் புல்லுக்குள் குட்டியைப் படுக்க வைத்துவிட்டு மேயப் போன தாயை இப்படி ஓட வைப்பது அசிங்கம். பெரியவர் அதைச் செய்வதில்லை. செய்கிற நண்பர்கள் அவருக்கு இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து போவதில்லை என்று மட்டும் சொன்னார்.

ஜனவரியில் பெட்டைக்குப் போகும்போது என்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். சுமக்க ஆள் வேண்டுமாம்.

கறி எப்படி என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: இணை சேரும் காலத்துச் சிவப்பு மான் கறியில் வாடை அடிக்கும் என்பார்கள், ரோ மானில் அந்தத் தொந்தரவு இல்லை. கொழுப்பு அறவே கிடையாது என்பதால் முதுகுக் கறியை நிறைய நேரம் வேக வைத்தால் ரப்பர்தான். மிளகு தட்டிப் போட்டு, சூடான இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் புரட்டி எடுத்துவிடுங்கள். தோள்கறிதான் குழம்புக்கு. நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயம் வதக்கி, மெதுவாகக் கொதிக்க விடுங்கள். தேங்காய் வேண்டாம்.