கூத்துப் பையன்கள் ஐப்பசியில் எங்கே போகிறார்கள்?

செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் வட்டாரத்தில் தெருக்கூத்து ஜமாக்களுக்கு, அதாவது ஆட்டக் குழுக்களுக்கு, ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் வருஷா வருஷம் கேட்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பங்குனியில் சலங்கை கட்டி ஆடி மாதம் முடியும்வரை விடிய விடிய ஆடுகிற பையனுக்கு ஆர்வம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? அவன் ஐப்பசியில் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ தொழிற்சாலை ஒப்பந்த வேலைக்குப் போகிறான். மறு பங்குனியில் கம்பெனி லீவு தராது. இரண்டு சீசன் இப்படிப் போனால் தொண்டை இறங்கிவிடும், அடவு தடுமாறும், அவன் வேஷம் இன்னொருவன் கைக்குப் போய்விடும். அதனால் கிராமத்து இளம் கலைஞனுக்கு உதவ நினைப்பவர்கள், அந்தப் பணத்தை ஐப்பசி முதல் மாசி வரையிலான ஐந்து மாதத்துக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். மேடையில் போர்த்தும் பொன்னாடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வருமானக் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். ஓர் இரவுக்கு ஜமாவுக்கு 30,000 ரூபாய் பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வேன் வாடகை, டீசல், டிரைவர் படி எல்லாம் 5,000. மீதி 25,000 பங்காகப் பிரியும். 15 பேர் கொண்ட ஜமாவில் 7 பேருக்கு முழுப் பங்கு, 4 பேருக்கு முக்கால், புதிதாக வந்த 4 பேருக்கு அரை, கிரீடம் முதலான வேஷச் சாமானுக்கு அரைப் பங்கு. ஆக 12.5 பங்கு, ஒரு பங்கு 2,000. புதுப் பையனுக்கு 1,000. நல்ல சீசனாக அமைந்து 80 இரவு ஆடினாலும் வருஷத்துக்கு 80,000. பன்னிரண்டு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 7,000 கூடத் தேறாது. தையல் கடையில் உட்கார்ந்தால் இதைவிட அதிகம் வரும் என்று வீட்டில் சொல்வதில் தப்பே இல்லை.

இதோடு முன்பணச் சிக்கல். தை, மாசியில் ஆளைப் பிடித்து வைக்க ஜமா உரிமையாளர் முன்பணம் கொடுக்கிறார். வீட்டுச் செலவுக்கு என்று பையன் வாங்கிக்கொள்கிறான். சீசன் முழுக்கப் பங்கிலிருந்து பிடித்தும் பாக்கி நிற்கும். அடுத்த வருஷம் அதே ஜமாவில்தான் ஆட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு ஜமாக்காரர் கடனைக் கட்டி அழைத்துக்கொள்ள வேண்டும். உரிமையாளரும் இதில் கொழிப்பதில்லை. ஆள் பாதியில் ஓடிவிட்டால் அந்தப் பணம் போனதுதான். ஆகவே வெளியூர் அன்பர்கள் தரும் உதவி இன்னொரு முன்பணமாக மாறிவிடக் கூடாது. மொத்தமாகக் கையில் கொடுத்தால் அது அன்று மாலையே கடனுக்குப் போய்விடும்.

என் யோசனை இது. ஓர் ஊர், ஒரு ஜமா, மூன்று இளைஞர்கள் போதும். ஒருவருக்கு மாதம் 6,000 வீதம் ஐந்து மாதம், 30,000. சொல்லித்தரும் வாத்தியாருக்கு மாணவர் ஒருவருக்கு மாதம் 1,500. மூவருக்கும் சேர்த்து 1,12,500 ஆகிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் பெரிய தொகை இல்லை. மாதம் 5-ஆம் தேதிக்குள் அவரவர் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பதிலுக்கு வாரம் நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் பயிற்சி. ஐந்து மாதத்தில் ஒரு முழுக் கூத்தைத் தரு, விருத்தம் என்ற பாடல்கள், வசனம் எல்லாம் சேர்த்துப் பாடம் பண்ண வேண்டும். முதலில் ‘கர்ண மோட்சம்’ எடுக்கச் சொல்வேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அதைத்தான் வைக்கிறார்கள், சாவுக்கு சீசன் கிடையாது. திருவிழா இல்லாத மாதத்திலும் அழைப்பு வரும். மாதக் கடைசியில் வேஷமில்லாமல், தாளத்தோடு மட்டும் கோயில் வாசலில் பாடிக் காட்டட்டும். ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டால் வேறு அறிக்கை எதற்கு?

ஒரு வருஷத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த வருஷம் வேறு மூவருக்குக் கொடுப்பது வீண். அதே மூவருக்குத் தொடர்ந்து மூன்று சீசன் கொடுங்கள். தோழி, சேவகன் என்று சின்ன வேஷம் கட்டுகிறவன் அர்ச்சுனனுக்கும் துரியோதனனுக்கும் நகர அவ்வளவு காலமாவது பிடிக்கும்.

அடுத்தது சாமான். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். எடை குறைவு, உளிக்கு நன்றாக இளகிக் கொடுக்கும். ஆனால் மரத்தை நிழலில் காய விடாமல் பச்சையாகச் செதுக்கினால், உலரும்போது ரேகையோடு பிளக்கும். மேலே ஒட்டுகிற ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் வியர்வையிலும் பனியிலும் பசை விட்டு உதிரும். ஆட்டம் முடிந்ததும் ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடுவதுதான் முக்கால்வாசி நாசத்துக்குக் காரணம். ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் ஆயுள் கூடும். இளைஞர்களுக்கு இதில் இன்னொரு கஷ்டம் உண்டு. வேறொருவர் உடம்புக்குச் செய்த பழைய மர அணிகலன்களைக் கட்டுகிறார்கள். கிரீடம் தலைக்குப் பெரிதாக இருந்தால் துணியை இறுக்கிச் சுற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்தில் நெற்றி விண்ணென்று தெறிக்கும், மேல் ஸ்தாயியில் பாடவே முடியாது. நெற்றிச் சுற்றளவு, தோள் அகலம், மார்பளவு மூன்றும் எடுத்துத் தனியாக ஒரு செட் செய்து கொடுங்கள். அது ஜமாவின் பெயரில் இல்லாமல் அவன் பெயரிலேயே இருக்கட்டும். சொந்தச் சாமான் வைத்திருப்பவன் பங்கு பேசும்போது குரல் கொஞ்சம் நிமிரும்.

முகப்பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசல் அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம், செந்தூரத்தில் ஈயம் இருக்கலாம். விவரம் எழுதாத பொட்டலத்தில் விற்கும் பொடியை இரவு முழுக்க முகத்தில் வைத்திருக்கக் கூடாது. நாடக ஒப்பனைக்கென்று தயாரித்த பூச்சையே வாங்கிக் கொடுங்கள். கலைக்கத் தேங்காய் எண்ணெயும் பழைய பருத்தித் துணியும் போதும்.

விழாக் குழுவினருக்கு: தாம்பூலம் மாற்றி அச்சாரம் கொடுக்கும்போதே நான்கு விஷயங்களைப் பேசிவிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்குவது, மைக் எத்தனை, சாப்பாடு எப்போது, மீதிப் பணம் எப்போது. மீதியை விடிந்ததும், வேஷம் கலைப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும். ‘சாயங்காலம் வாங்க’ என்றால் அந்த அலைச்சல் செலவும் பங்கிலிருந்துதான் போகும். நன்கொடை கொடுத்தவர் பெயரை ஆட்டத்துக்கு நடுவில் வாசிக்காதீர்கள். திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடி, திரை விலகப் போகிற நேரத்தில் மைக்கைப் பிடுங்கினால், மூத்த கலைஞர் சமாளித்துக்கொள்வார். முதல் தடவை நுழைகிறவனுக்குச் சுருதி போய்விடும், அன்று இரவு முழுக்க அது திரும்பாது.

நகரத்து விழாக்களில் நாற்பது நிமிஷம் கொடுக்கிறார்கள். பணமும் மரியாதையும் கிடைக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதை மட்டுமே ஆடிப் பழகுகிறவனுக்கு நுழைவு ஆட்டமும் நாலு கிரிக்கிச் சுழற்சியும்தான் கைவசம் இருக்கும். நடுநிசி தாண்டி, பாதி ஜனம் தூங்கும்போது கதையைத் தாங்கிப் பிடிக்க அவனுக்குத் தெரியாது. நகரத்துக்கு அழைக்கிறவர்கள் அதே ஜமாவுக்கு ஊரில் ஒரு முழு இரவுக்கும் பணம் கட்டினால் சரியாக இருக்கும்.

பெண் பிள்ளைகள் ஆட முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் வந்துவிட்டது. தெருக்கூத்துக் கலைஞர்களின் அமைப்பான கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கி நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு சேர்த்துப் பெண்களும் கூத்துப் பழகினார்கள். மற்ற ஊர்களில் தடையாக இருப்பது என்ன? தாழ்ப்பாள் போட்ட ஒப்பனை அறை, பக்கத்தில் கழிப்பறை, விடியற்காலையில் வீடு வரைக்கும் வண்டி. இந்த மூன்றும் இல்லாத ஊரில் ‘பெண்கள் வருவதில்லை’ என்று பேசுவது நியாயமே இல்லை.

அரசு உதவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 18 வயது ஆனதும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கருவி, ஆடை அணிகலன் வாங்க 10,000 ரூபாய் தரும் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். மாவட்டக் கலை மன்ற விருதுகளில் 18 வயதுக்குள் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு, மாதம் 5,000 வீதம் இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக வரும். நம் பையன்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். குருவிடம் ஐந்து வருஷம் பயின்றதற்குச் சான்று கேட்பார்கள். கூத்து வாத்தியார் எந்தக் காலத்தில் சான்றிதழ் எழுதினார்? பையன் ஜமாவில் சேர்ந்த நாளிலேயே தேதி போட்டு ஒரு நோட்டில் வாத்தியார் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆடிய ஊர், தேதி, வேஷம், ஒரு போட்டோ, விழா நோட்டீஸ் எல்லாம் அதிலேயே ஒட்டுங்கள். ஊரில் படித்த ஒருவர் விண்ணப்பம் நிரப்பும் பொறுப்பை எடுத்துக்கொண்டால் அது பணம் கொடுப்பதற்குச் சமம்.

கடைசியாக முகவீணை, அதாவது நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவி. வேஷக்காரர்கள்கூடக் கிடைத்துவிடுவார்கள், முகவீணை வாசிப்பவர்கள் அருகிவிட்டார்கள். அந்தக் கூர்மையான நாதம் இல்லாத ஜமாக்கள் ஆர்மோனியத்தை வைத்து ஒப்பேற்றுகின்றன. அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரம் படித்த இளைஞனுக்கு மூச்சும் சீவாளியும் ஏற்கெனவே பழக்கம். முகவீணைக்கு மாறுவது அவனுக்கு மற்றவர்களைவிடச் சுலபம். ஆனால் கூத்துப் பாட்டின் போக்கு பாடுகிறவர் பக்கத்தில் இரவு இரவாக உட்கார்ந்தால்தான் பிடிபடும், அந்த இரவுகளில் அவனுக்கு அரைப் பங்குதான் கிடைக்கும், கல்யாண வாசிப்பையும் விட வேண்டும். மேலே போட்ட கணக்குப்படி அரைப் பங்குக்கும் முழுப் பங்குக்கும் வித்தியாசம் 1,000. நாற்பது இரவுக்கு 40,000. இந்தப் பணத்தைத் தர ஒருவர் இருந்தால், ஜமா வாத்தியார்களிடம் மார்கழிக்குள் பேசிவிடுங்கள். தை பிறந்தால் அவர்கள் ஆள் கட்டத் தொடங்கிவிடுவார்கள்.